நாக்கு தெலுகு ராது!

மலர்க்குழு அண்ணன்மார்கள் என்னிடம் பயணக் கட்டுரைதான் கேட்டார்கள். ஆனால் ஹம்பியின் கல் ரதத்தையும் துங்கபத்திரை ஆற்றையும் வர்ணிக்க என்னைவிட நல்ல பேனாக்கள் நம் கல்லூரியில் இருக்கின்றன. நான் எழுத உட்கார்ந்தது ஒரு வழக்கு. நம் ஹாஸ்டலிலும் பஸ் ஸ்டாண்டிலும், ஏன், கல்யாண வீட்டுப் பந்தியிலும்கூட இரண்டு வாக்கியங்கள் நம் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. "இங்கிலீஷ் தெரிஞ்சா உலகத்தையே சுத்தலாம்." "ஹிந்தி தெரிஞ்சா இந்தியாவையே சுத்தலாம்." இதைச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் எங்கேயும் சுற்றாதவர்கள் என்பது என் தாழ்மையான கருத்து!

போன செமஸ்டர் லீவில் நானும் என் வகுப்புத் தோழனும் மாமாவின் பழைய நூறு சி.சி. வண்டியில் கிருஷ்ணகிரியிலிருந்து ஹம்பி வரை போய் வந்தோம். குப்பம், பலமனேர், புங்கனூர், மதனப்பள்ளி, கதிரி, அனந்தப்பூர், பெல்லாரி, ஹொசபேட்டை. போக வர ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர், ஐந்து நாள். முதலில் தெலுங்கு, அப்புறம் கன்னடம். இரண்டும் எங்களுக்குத் தெரியாது. ஹிந்தியும் தெரியாது. ஆனால் இங்கிலீஷ் விஷயத்தில் எங்களுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அவன் கான்வென்ட்டில் படித்தவன், இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். வைவாவில் பதில் தெரிந்தும் வாய் ஒட்டிக்கொள்கிற ரகம். ஆகவே நம் லேபில் ஒரு சாம்பிளையும் இன்னொரு சாம்பிளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போல, ஒரே வண்டியில் இரண்டு பேர் போனோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் ராத்திரி எனக்குப் பாடம் எடுத்தவர் அப்பா. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். பதினைந்து வருஷம் லாரியில் கிளீனராக ஓடியவர், மதனப்பள்ளி தக்காளி மார்க்கெட் அவருக்கு வீட்டுத் திண்ணை மாதிரி. அவருக்குத் தெலுங்கும் கன்னடமும் வாயில் வரும் என்பது தெரியும். அதை ஒரு படிப்பு என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை, அவரும்தான். "மொதல்ல அண்ணான்னு கூப்புடு, பொம்பளைங்களா இருந்தா அக்கான்னு கூப்புடு. ரெண்டு ஊர்லயும் அதேதான். அப்புறம் தெலுங்குக்காரன்கிட்ட நாக்கு தெலுகு ராதுன்னு சொல்லிடு. மீதிய அவனே பாத்துக்குவான்" என்றார்.

இந்த "நாக்கு" நம் வாயில் இருக்கும் நாக்கு இல்லை. தெலுங்கில் "எனக்கு" என்று அர்த்தம். "எனக்குத் தெலுங்கு வராது." நாமும் அப்படித்தானே சொல்கிறோம், எனக்கு இங்கிலீஷ் வராது என்று? கன்னடத்தில் "நனகெ கன்னட பரல்ல" என்கிறார்கள், அதுவும் "வராது"தான். மூன்று ஊர்க்காரனும் மொழியை ஒரு விருந்தாளி மாதிரி, வரும் வராது என்றே சொல்கிறான். இங்கிலீஷில் இந்த வாக்கியத்தை அப்படியே வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்!

குப்பத்தில் கஷ்டமே தெரியவில்லை. அது எல்லை ஊர், தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. 1997-ல் திராவிடப் பல்கலைக்கழகத்தைக் கொண்டுபோய் அங்கே வைத்ததில் நியாயம் இருக்கிறது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரா பிரிந்ததும், 1956 நவம்பர் 1-ல் மொழிவாரியாக மாநிலங்கள் அமைந்ததும் நமக்குப் பள்ளிக்கூடத்தில் தேதியாக வந்து தேதியாகவே போய்விட்ட விஷயங்கள். ரோட்டில் போனால்தான் தெரிகிறது, மேப்பில் கோடு ஒரே இடத்தில் இருக்கிறது, பேச்சு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறுகிறது. டீக்கடைக்கு டீக்கடை தமிழ் தேய்ந்து, பலமனேர் தாண்டியதும் சுத்தமாக நின்றுவிட்டது.

அங்கிருந்துதான் நண்பனின் இங்கிலீஷும் திணற ஆரம்பித்தது. அவன் மேல் தப்பில்லை. நெடுஞ்சாலைப் பெயர்ப்பலகையில் இங்கிலீஷ் இருக்கிறது, பெட்ரோல் பங்கில் இருக்கிறது. ஆனால் நிலக்கடலைக் காட்டில் வேலை செய்யும் அக்காவிடம் இல்லை, பஞ்சர் கடை அண்ணனிடம் இல்லை. வழி சொல்கிறவர்களும் தண்ணீர் கொடுக்கிறவர்களும் அவர்கள்தானே!

கதிரிக்குப் பக்கத்தில் திம்மம்மா மர்ரிமானு என்று ஒரு ஆலமரம் உண்டு. உலகத்திலேயே பெரிய விதானமுள்ள மரம் என்று 1989-ல் கின்னஸில் ஏறியது, ஏறக்குறைய ஐந்து ஏக்கர் பரந்து நிற்கிறது. அதைப் பார்க்க ரோட்டை விட்டு இறங்கினோம். உள்ளே போகப் போக பலகையெல்லாம் தெலுங்கு மட்டும்தான். ஒரு பெரியவரிடம் கேட்டால், "குடி தக்கர குடி வைப்பு" என்கிறார்! நண்பன் என் முதுகில் சிரித்தான், "டேய் மாப்ள, ஒயின்ஷாப்புக்கு வழி சொல்றாருடா!" அப்பா எழுதவைத்த நோட்டில் இரண்டு "குடி" இருந்தது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். "கோபால்" என்பதில் வருகிற க போட்டால் கோயில், "கோழி" என்பதில் வருகிற க போட்டால் வலது பக்கம். கோயில்கிட்ட வலது பக்கம் திரும்பு. அவ்வளவுதான் விஷயம். நோட்டில் ஒன்றுக்கு மேலே கோபுரம் மாதிரி ஒரு கோடு போட்டு வைத்தேன்.

இதைவிட வேடிக்கை பஞ்சர் கடையில். பின் டயரைத் தொட்டுப் பார்த்து அந்த அண்ணன் "காலி?" என்றார். நண்பன் ஆமாம் காலி என்று தலையாட்டினான். அவர் கேட்டது "காற்றா?" என்று. தெலுங்கிலும் கன்னடத்திலும் காற்றுக்கு அதுதான் பெயர். இவன் சொன்னது டயர் காலி என்று. கேள்வி ஒன்று, பதில் வேறு, டயர் மட்டும் சரியாக நிரம்பியது!

சரி, சிரிப்பு போதும். நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அந்த ஐந்து நாளும் எனக்குக் கை கொடுத்தவை இரண்டு. இரண்டையும் நாம் மதிப்பதே இல்லை.

ஒன்று, என் தமிழ். செய்யுள் பகுதியில் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோகிற சொற்கள் இருக்கிறதே, அதெல்லாம் அங்கே ரோட்டில் நடமாடுகிறது! செப்பு என்றால் சொல்லுதல் என்று அருஞ்சொற்பொருள் எழுதினோம். ஆந்திராவில் சின்னக் குழந்தைகூட "செப்பு" என்கிறது, மரியாதையாக என்றால் "செப்பண்டி". நாம் "ங்க" போடுகிற இடத்தில் அவர்கள் "அண்டி". இல் என்றால் வீடு, அங்கே "இல்லு". மனை என்றால் வீடு, கர்நாடகத்தில் "மனெ". கன்னடத்துக்கு நான் பெல்லாரி லாட்ஜில் உட்கார்ந்து ஒரு ஃபார்முலாவே போட்டுவிட்டேன். நம் ப அங்கே ஹ ஆகிவிடும். பால் ஹாலு, புலி ஹுலி, பத்து ஹத்து, பல் ஹல்லு. நம் வ அங்கே "பாலு" என்ற பேரில் வருகிற ப ஆகிவிடும். வா என்பது பா, வேர் பேரு, வாழை பாளெ. எல்லாவற்றுக்கும் பொருந்தாதுதான், ஆனால் பாஸ் மார்க் வாங்கப் போதும். இதெல்லாம் நான் கண்டுபிடித்தது இல்லை. இந்த மொழிகள் ஒரே குடும்பம் என்பதை 1816-லேயே எல்லிஸ் துரை எழுதினார், 1856-ல் கால்டுவெல் பெரிய புத்தகமாகவே போட்டார். ஆனால் இலக்கண வகுப்பில் கேட்பது வேறு, பசியோடு நிற்கும்போது "ஹாலு" காதில் விழுவது வேறு.

இரண்டாவது, நம் தொழில். வண்டியின் கிளட்ச் கொஞ்ச நாளாகவே கனமாக இருந்தது. வழியில் ஒரு பெரிய ஊரில், கண்ணாடிக் கதவு போட்ட சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்தோம். அங்கே நண்பனின் இங்கிலீஷுக்கு நாற்காலி போட்டார்கள். நல்ல பேச்சு, நல்ல மரியாதை, ஒரு ஃபாரம். கடைசியில், "டுமாரோ ஈவினிங்" என்று பதில். வெளியே வந்துவிட்டோம். கதிரி தாண்டி வெயிலில் கிளட்ச் வயர் அறுந்தது. கிளட்ச் இல்லாமல் வண்டியை எடுப்பது எப்படி என்பது நம் ஆட்டோமொபைல் பிரிவுக்காரர்களுக்குத் தெரியும். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஆள் தள்ள, வண்டி உருளும்போது முதல் கியரைத் தட்ட வேண்டும். தள்ளிய ஆள் ஓடி வந்து ஏறிக்கொள்ள வேண்டும். நண்பன் மூன்று முறை ஓடினான். அதற்கப்புறம் புளியமரத்தடியில் ஒரு ஷெட் தெரிந்தது.

அந்த மெக்கானிக் அண்ணன் வீட்டில் உருது, கடையில் தெலுங்கு. (ஹிந்தி கட்சிக்காரர்கள் சந்தோஷப்படலாம், அவரிடம் ஹிந்தி செல்லும்.) அவர் லீவரைப் பிடித்துப் பார்த்து, "கிளட்ச் வைர் கட் அயிந்தி" என்றார். நம்ம ஊர் மெக்கானிக் என்ன சொல்வார்? "கிளட்ச் வயர் கட்டாயிடுச்சி!" நான் டேங்கைத் தட்டி "பண்டி" என்றேன், வண்டிதான். அவர் கையை நீட்டுவதற்கு முன்னால் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு பார்வைக்குப் பிறகு மொழி ஒரு பிரச்சனையாகவே இல்லை. இருபது நிமிஷம். நட்டு அளவும் மரை அளவும் எந்த மாநில எல்லையிலும் மாறுவதில்லை. ஒர்க்ஷாப்பில் கை கறுப்பாகிறதே என்று கூச்சப்படுகிற தோழர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

ஹிந்திக்கும் ஒரு சாட்சி சொல்லிவிடுகிறேன். அனந்தப்பூர் தாண்டி ஒரு டீக்கடையில் வடக்கே இருந்து வந்த இரண்டு பெரிய பைக்காரர்கள். கை கால் முழுக்கக் கவசம், ஹெல்மெட்டில் கேமரா. கடைக்கார அக்காவிடம் ஹிந்தியில் என்னவோ கேட்கிறார்கள், அக்காவுக்குப் புரியவில்லை. அவர்கள் கேட்டது வெந்நீர். நான் "அக்கா, வேடி நீள்ளு" என்றேன். பதினைந்து சொல் தெரிந்த நான் அன்றைக்கு மொழிபெயர்ப்பாளன்!

கையில் செல்போன் இருக்கிறதே என்பீர்கள். உண்மை. 2011-லேயே கூகிள் மொழிபெயர்ப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வந்துவிட்டன. நாங்களும் பார்த்தோம். ஒரு பாட்டியிடம் போனை நீட்டினால் பாட்டி போனைப் பார்த்துப் பேசுகிறது, நம்மைப் பார்ப்பதில்லை. அது பேசி, போன் யோசித்து, நாம் படித்து முடிப்பதற்குள் அந்தப் பக்கம் ஆடு ஒன்று வயலில் இறங்கிவிடுகிறது. தவிர, டவர் இல்லாத இடத்தில்தான் வழி கேட்கவேண்டி வருகிறது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "மொழியே தேவையில்லை, ஒரு புன்னகை போதும்" என்று பைக் படத்துக்குக் கீழே எழுதுகிறவர்கள். இவர்கள் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். பெல்லாரியில் இரண்டாம் நாள் ராத்திரி நண்பனுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. வாந்தி. முகமெல்லாம் வேர்வை. புன்னகை எங்கிருந்து வரும்? லாட்ஜ் வாட்ச்மேன், ஆட்டோக்காரர், ஆஸ்பத்திரி சீட்டு எழுதுகிறவர், நர்சம்மா என்று நான்கு பேரைத் தாண்டித்தான் டாக்டர். தெலுங்கில் வயிற்றுக்குப் "பொட்ட" என்று அப்பா சொல்லியிருந்தார். ப-வை ஹ ஆக்கி "ஹொட்டெ" என்றேன், வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். வாட்ச்மேன் உடனே "ஹொட்டெ நோவா?" என்றார். நோவு! நம்ம கிழவிகள் சொல்கிற அதே நோவு. வாந்திக்கு அங்கேயும் வாந்திதான். நர்சம்மா "எஷ்டு சல?" என்று கேட்டதற்கு, எஷ்டு என்றால் எத்தனை என்று தெரிந்ததால், நான்கு விரலைக் காட்டினேன். டாக்டர் வந்த பிறகு நண்பனின் இங்கிலீஷ் நன்றாகவே வேலை செய்தது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் டாக்டர் வரைக்கும் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இங்கிலீஷ் இல்லை. இங்கிலீஷே வேண்டாம் என்பது என் கட்சியும் இல்லை. 1919-ல் தாகூர் நாங்கள் கடந்துபோன அதே மதனப்பள்ளியில் தங்கித்தான் ஜனகணமனவை இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். வங்காளிக்கும் தெலுங்கு நாட்டுக்கும் நடுவில் அது ஒரு பாலம், சந்தேகமில்லை. அந்தப் பாலம் காலேஜுக்குள் இருக்கிறது. தக்காளி மார்க்கெட்டுக்கு வேறு பாலம் வேண்டும்.

நம் ஹாஸ்டல் சுவரில் படமாக இருக்கிற சே குவேரா 1952-ல் நண்பர் கிரானாடோவோடு நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். சிலி நாட்டிலேயே வண்டி உயிரை விட்டுவிட்டது. அர்ஜென்டினா, சிலி, பெரு மூன்றிலும் ஸ்பானிஷ் பேசுகிறார்கள், ஆகவே மொழிப் பிரச்சனை இல்லை என்று நாம் நினைப்போம். பெருவின் மலைக் கிராமங்களில் ஜனங்களின் மொழி கெச்சுவா. ஸ்பானிஷ் அங்கே துரைமார் பாஷை. ஒரே நாட்டுக்குள்ளேயே ஆபீஸ் மொழி ஒன்று, அடுப்படி மொழி ஒன்று. ஹம்பியில் இருந்து ஆண்ட கிருஷ்ணதேவராயர் கன்னட தேசத்தில் உட்கார்ந்துகொண்டு, நம் ஆண்டாளின் கதையைத் தெலுங்கில் "ஆமுக்தமால்யதா" என்று காவியமாக எழுதினார். ராஜாவே மூன்று பக்கமும் காது கொடுத்திருக்கிறார்!

இப்போது நான் கேட்க நினைத்த கேள்விக்கு வருகிறேன். பெல்லாரி ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு ஞாபகம் வந்தது, நாம் இன்பிளான்ட் டிரெயினிங் போன ஒரு தொழிற்சாலை. பேர் வேண்டாம். பவர் பிரஸ்ஸில் ஒடிசாப் பையன் ஒருவன், என் வயசுதான் இருக்கும். சூப்பர்வைசர் தூரத்தில் இருந்து "கைய எடுறா, கைய எடுறா" என்று கத்துகிறார். அவனுக்கு அது தன்னைத்தான் என்பது மட்டும் புரிந்தது. ஸ்விட்சைப் பார்த்தான், சூப்பர்வைசரைப் பார்த்தான், கையை மட்டும் பார்க்கவில்லை. பக்கத்து மெஷின்காரர் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து இழுத்தார். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. "சொன்னா புரியாதா?" என்று சூப்பர்வைசர் இன்னும் சத்தமாகக் கத்தினார். சத்தம் கூடினால் மொழி புரிந்துவிடுமா, தோழர்களே? அவருக்கு அப்போது வேண்டியிருந்தது இரண்டே சொல், அந்தப் பையனின் மொழியில். அவர் நம்மைப் போல டிப்ளமோ படித்தவர். வருகிற ஜூனில் அந்த இடத்தில் நிற்கப்போகிறது நீங்களும் நானும்.

நாம் அவர்களை "வடக்கன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அவன் நம் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கத் திணறினால் சிரிக்கிறோம். "தமிழ்நாட்டுக்கு வந்தா தமிழ் கத்துக்க வேண்டியதுதானே" என்கிறோம். கற்றுக்கொள்ள வேண்டும், சரிதான். ஆனால் எனக்குக் கதிரியிலும் பெல்லாரியிலும் யாரும் அப்படிச் சொல்லவில்லை. நான் ஐந்து நாள் ஊர் சுற்ற வந்தவன், கையில் பணம் இருந்தது, வண்டி இருந்தது. அவன் பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு வந்தவன். அவனிடம் நோட்டில் எழுதவைக்க லாரியில் ஓடின அப்பா இல்லை. அவன் மொழி நம் மொழிக்குப் பங்காளியும் இல்லை, என் ஃபார்முலா எதுவும் அவனுக்குச் செல்லாது. அப்படியும் நம் கேட் பக்கத்து டீக்கடையில் இருக்கிற பையன் எட்டு மாசத்தில் "அண்ணா, சக்கரை கம்மியா?" என்று கேட்கிறான்.

ஆகவே சங்கத்துக்கு என் கோரிக்கை இது. ஆண்டு விழாவில் மெல்லிசைக் கச்சேரிக்கு ஒதுக்குகிற பணத்தில் கால் பங்கு போதும். நிறுத்து, கையை எடு, சூடு, கரண்ட், வலிக்கிறதா, எங்கே வலி என்று ஒரு இருபது சொல்லை ஹிந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் தமிழ் எழுத்தில் எழுதி, ஒவ்வொரு ஒர்க்ஷாப்பிலும் ஒரு சார்ட் மாட்டுவோம். கடைசி வருஷக்காரர்கள் அதை வாயால் சொல்லிப் பழகிவிட்டு வேலைக்குப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நம் வகுப்பறை ஒன்றைத் திறந்துவிட்டால், அந்தப் பையன்களுக்கு நாம் தமிழ் சொல்லிக்கொடுத்து, அவர்களிடமிருந்து இந்தச் சொற்களைச் சரிபார்த்துக்கொள்ளலாம். முதல்வர் அய்யா அனுமதி தருவார் என்றே நம்புகிறேன். பேச்சாளரை அழைக்கவேண்டிய செலவுகூட இல்லை, டீ மட்டும்தான்.

டீக்கடைப் பையனிடம் நான் ஆரம்பித்துவிட்டேன். ஏக, துயி, தினி, சாரி, பாஞ்ச. ஐந்து வரைக்கும் நோட்டில் ஏறியிருக்கிறது. ஆறிலிருந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் குறைந்த பிறகு சொல்கிறேன் என்றிருக்கிறான்.